மக்கள் விரும்பிப் படிப்பவை

நீங்கள் யாரேனும் ஒருவரிடம் சென்று, "தாங்கள் என்ன படிக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சற்றே நிமிர்ந்து உட்காருவார். திருக்குறள் என்பார், கம்பராமாயணம் என்பார், ஆங்கிலம் அறிந்தவரானால் ஷேக்ஸ்பியர் என்றும் சொல்லக்கூடும். அவர் பொய் சொல்லுகிறார் என்று நான் கூறமாட்டேன். படிக்கவேண்டும் என்று நாம் எண்ணுகின்றவற்றைப் படித்துக்கொண்டிருப்பதாகவே எண்ணிக்கொள்ளுதல் மனித இயல்பு. ஆனால் அவருடைய தலையணைக்கு அடியில் என்ன இருக்கிறது, பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அவர் கை எதைத் தேடுகிறது என்று பார்த்தால் விடை வேறாக இருக்கும். இன்று நான் உங்களோடு பேச விரும்புவது அந்த இரண்டாவது விடையைப் பற்றித்தான்.

முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிகளில் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில், படிக்கக் கற்பிப்பது எப்படி என்று எங்களுக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்து, சொல், தொடர் என்று முறை வகுத்துக் காட்டினார்கள். கற்றுக்கொண்ட மாணவன் வீட்டுக்குப் போய் எதைப் படிப்பான் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்காமையினால் நான் ஒரு பெரும் பிழை செய்தேன். அதனைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். "ஒரு வாரம் உங்கள் வீட்டில் உள்ளவர்கள் எதை எதைப் படிக்கிறார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்" என்றேன். பலர் உடனே எழுந்து, "ஐயா, எங்கள் வீட்டில் யாரும் எதுவும் படிப்பதில்லை" என்றார்கள். "இல்லை என்றால் இல்லை என்றே எழுதி வாருங்கள்" என்று அனுப்பிவைத்தேன். வாரம் முடிந்து குறிப்பேடுகள் வந்தபோது அவர்களுக்கும் வியப்பு, எனக்கும் வியப்பு. பக்கங்கள் நிறைந்திருந்தன. காலையில் பாட்டனார் நாட்காட்டித் தாளைக் கிழித்து, நல்ல நேரமும் இராகு காலமும் பார்க்கிறார். தந்தையார் உரமூட்டையின்மேல் அச்சிட்டதைப் படிக்கிறார். தாயார் நியாயவிலைக் கடைச் சீட்டைப் படிக்கிறார். மாத்திரை அட்டையில் உள்ள தேதியைப் படிக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் கந்தர் சஷ்டி கவசம் படிக்கிறார். மற்றொரு வீட்டில் விவிலியம். இன்னொரு வீட்டில் திருக்குர்ஆன். அக்காள் தொடர்கதை படிக்கிறாள். அண்ணன் தேர்வு அறிவிப்புகளைப் படிக்கிறான். ஊர்ச் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலித் தாளை எல்லாரும் நின்று படிக்கிறார்கள். கைப்பேசியில் வரும் செய்திகளையோ எண்ணி முடியாது.

ஆக, யாரும் எதுவும் படிப்பதில்லை என்று அவர்கள் சொன்னதற்குப் பொருள் என்ன? வீட்டில் படிக்கப்படுபவற்றைப் படிப்பு என்று அவர்கள் கருதவில்லை என்பதே பொருள். பாடநூல் ஒன்றுதான் படிப்பு என்று நாங்கள் அவர்களுக்கு அத்தனை ஆண்டுகளாகக் கற்பித்திருந்தோம்.

இக்குறிப்பேடுகளை வைத்துக்கொண்டு பார்த்தால், மக்கள் படிப்பது மூன்று வகையில் அடங்கும் எனலாம். ஒன்று தேவைக்காகப் படிப்பது. மற்றொன்று வழிபாட்டுக்காகவும் வழக்கத்துக்காகவும் படிப்பது. மூன்றாவது இன்பத்துக்காகப் படிப்பது.

தேவைக்காகப் படிப்பதைச் சிறிதாக எண்ணிவிடாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வியக்கத்தில், எழுத்தோடு மிதிவண்டி விடவும் பெண்கள் கற்றுக்கொண்டது நாடெங்கும் பேசப்பட்டது. எங்கள் பகுதியில் மாலை வகுப்பு ஒன்றை நான் சிலகாலம் கவனித்துவந்தேன். அங்கு வந்த மூதாட்டி ஒருவரிடம், "என்ன படிக்க ஆசைப்படுகிறீர்கள், அம்மா?" என்று கேட்டேன். "பஸ்ஸிலே எழுதியிருக்கிற ஊர்ப் பேரு" என்றார். பிறரிடம் கேட்காமல் ஒரு பேருந்தில் ஏறவேண்டும் என்பது அவருடைய ஆசை. நான்கு எழுத்துகளுக்குள் அவருடைய தன்மானம் முழுவதும் அடங்கியிருந்தது.

இனி மூன்றாவது வகைக்கு வருவோம். மக்கள் தம் கைக்காசைக் கொடுத்து, தம் விருப்பத்தின்படி எதை வாங்கிப் படித்தார்கள் என்பதற்குத் தமிழில் நல்ல சான்றுகள் உண்டு. உங்கள் பாட்டனாரின் தந்தையார் காலத்தில், திருவிழாக் கடைகளிலும் சந்தைகளிலும் பெரிய எழுத்துப் புத்தகங்கள் விற்றன. விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை ஆகியவை அவ்வாறு அச்சாயின. எழுத்தைக் கூட்டிப் படிப்பவரும் விளக்கொளியில் படிப்பதற்கு ஏற்றபடி எழுத்துப் பெரிதாக இருக்கும். ஒருவர் இராகம் போட்டுப் படிப்பார். திண்ணை நிறைய மக்கள் கேட்டிருப்பார்கள். சென்னையில் குஜிலிக் கடை என்ற மாலைக் கடைத்தெருவில் விற்ற சிறு பாட்டுப் புத்தகங்கள் மற்றொரு வகை. காலணா, அரையணா விலை. புதிதாக வந்த இரயில், ஊரை அழித்த வெள்ளம், நாட்டை உலுக்கிய கொலை எல்லாம் பாட்டாயின. விடுதலைப் போராட்டக் காலத்தில் பகத்சிங்கைப் பற்றிய பாட்டுப் புத்தகங்களும் வந்தன. அவற்றுட் சிலவற்றை ஆங்கில அரசாங்கம் தடைசெய்தது. புலவர்கள் ஏறிட்டும் பாராத அத்தாள்களைக் கண்டு அரசாங்கம் அஞ்சியது என்றால், அவற்றை எத்துணைப் பேர் படித்திருக்கவேண்டும்! ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் இவற்றை முச்சந்தி இலக்கியம் என்று பெயரிட்டு ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

அடுத்து நாவல் வந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்களின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879ஆம் ஆண்டு வெளியாயிற்று. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் கதைகளை எழுதிக் குவித்தார்கள். மக்கள் அவற்றை விரும்பி விரும்பிப் படித்தார்கள். பெரியோர் பலர் கவலைகொண்டனர். நாவல் படித்தால் இளைஞர் கெடுவர், பெண்கள் அடுப்பை மறப்பர் என்று எழுதினர், பேசினர். ஆனால் நடந்தது என்ன? பள்ளிக்கூடம் சென்று படித்திராத வை. மு. கோதைநாயகி அம்மாள், தம் முதல் படைப்பைத் தோழி ஒருவரிடம் சொல்லி எழுதச் செய்தார். பிறகு தாமே எழுதக் கற்றார்; 1925 முதல் ஜகன்மோகினி என்னும் இதழை நடத்தினார்; நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். கதையின் மேல் கொண்ட விருப்பம் அவரைக் கெடுக்கவில்லை, எழுத்துக்கு அழைத்துவந்தது.

அதன்பின் வார இதழ்களின் காலம். கல்கி இதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கி 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது, வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துக்கொண்ட வீடுகள் பல. எங்கள் வீட்டிலும் அத்தகைய கட்டு ஒன்று இருந்தது. நடுவில் இரண்டு வாரங்கள் இல்லை. யாரோ இரவல் வாங்கிப் போய்த் தொலைத்துவிட்டார்கள். அந்த இரண்டு வாரக் கதையை என் அத்தை வாயால் சொல்லுவார். அதன்பின் நாங்கள் படிப்போம். 1942ஆம் ஆண்டு மதுரையில் சி. பா. ஆதித்தனார் அவர்கள் தொடங்கிய தினத்தந்தி, பேச்சு வழக்கை ஒட்டிய எளிய தமிழாலும் பெரிய தலைப்புகளாலும் தேநீர்க் கடைக்குள் புகுந்தது. பெஞ்சில் உட்கார்ந்து தாள் தாளாகப் பிரித்துப் படிக்கும் பழக்கம் அங்கே வளர்ந்தது. 1960இல் அதில் தொடங்கிய கன்னித்தீவுப் படக்கதையைப் பார்த்து எழுத்துக்கூட்டப் பழகியவர்களை நானே அறிவேன். 1972இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவி எங்கள் தலைமுறைப் பையன்களின் உறக்கத்தைக் கெடுத்தார். 1980களில் இராஜேஷ்குமார் முதலியோரின் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கின.

இவற்றையெல்லாம் நான் ஏன் அடுக்குகிறேன்? ஒவ்வொரு காலத்திலும் மக்கள் தாமாகத் தேர்ந்தெடுத்ததை அக்காலத்துக் கற்றோர் இகழ்ந்தனர். பின்வந்த தலைமுறை அதனையே போற்றிப் பாதுகாத்தது. ஆதலின் ஒருவர் விரும்பிப் படிப்பதை இகழுமுன் நாம் சற்றே நின்று பார்க்கவேண்டும்.

மக்களிடம் விட்டுவிட்டால் எப்பொழுதும் மட்டமானதையே தேர்ந்தெடுப்பார்கள் என்று சிலர் சொல்லுவதுண்டு. அவர்களுக்கு விடையாகத் தொலைவில் உள்ள ஒரு நாட்டைக் காட்டலாம். கியூபா நாட்டின் அவானா நகரில் சுருட்டு ஆலைகள் பல. நாள் முழுதும் கை சுருட்டிக்கொண்டிருக்கும். செவி சும்மா இருக்கும். 1865ஆம் ஆண்டு முதல் அங்குள்ள ஆலைகளில் ஒருவர் உயரமான இருக்கையில் அமர்ந்து உரக்கப் படிக்கும் வழக்கம் உண்டாயிற்று. படிப்பவருக்குச் சம்பளம் கொடுத்தவர் முதலாளி அல்லர். தொழிலாளர்களே தம் கூலியிலிருந்து கொடுத்தார்கள். எந்த நூலைப் படிப்பது என்று முடிவு செய்தவர்களும் அவர்களே. அடுத்த ஆண்டே ஆட்சியாளர் அதற்குத் தடைவிதித்தனர், எனினும் அவ்வழக்கம் அழியவில்லை, மீண்டும் தழைத்தது. அவர்கள் விரும்பிக் கேட்டவற்றுள் ஒன்று, பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமாவின் மாண்டி கிறிஸ்டோ பிரபு என்னும் நாவல். 1935இல் தோன்றிய மாண்டிகிறிஸ்டோ என்ற புகழ்பெற்ற சுருட்டின் பெயர் அந்நாவலிலிருந்தே வந்தது.

இவ்வளவு தொலைவும் போகவேண்டுவதில்லை. கேரளத்தில் கண்ணூர்ப் பகுதிப் பீடித் தொழிலாளர்கள் தங்களுள் ஒருவரைச் செய்தித்தாளும் நூலும் படிக்கச் செய்தார்கள். அவர் சுற்றவேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கிட்டுச் சுற்றிக்கொடுத்தார்கள். படிப்புக்கு அவர்கள் கொடுத்த விலை அது. அத்தகைய தொழிலாளர்களை உழைப்பாளிகளாக மட்டும் அறிந்து, வாசகர்களாக அறியாதிருந்தவன் நான். என் பிழையைச் சொல்லும் இடம் வந்துவிட்டது.

1986ஆம் ஆண்டு, திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் இளம் ஆசிரியன். அவ்வூரில் பெண்கள் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே பீடி சுற்றுவார்கள். பத்தாம் வகுப்பில் இலக்கணப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் ஒரு மாணவன் இலக்கண நூலுக்குள் மாத நாவல் ஒன்றை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சினம் வந்தது. நூலைப் பிடுங்கி, வகுப்பு முழுவதும் பார்க்க இரண்டாகக் கிழித்து, சன்னலுக்கு வெளியே எறிந்தேன். "இந்தக் குப்பையைப் படிப்பதற்காகவா உனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தோம்?" என்று கேட்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். ஒழுக்கத்தை நிலைநாட்டிவிட்டதாக நான் எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாளும் வராமற்போகவே, மாலையில் அவன் வீட்டுக்குச் சென்றேன். அவன் வீட்டில் இல்லை. கிழிந்த நூல் வாடகை நூல்நிலையத்தைச் சேர்ந்ததாம். விலையைக் கொடுத்தாக வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். அதற்காகப் பாத்திரக் கடையொன்றில் எடுபிடி வேலைக்குப் போயிருந்தான். அவனுடைய தாயார் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுளகைக் கீழே வைத்து எழுந்தார். எழுத்தறியாதவர். இரவில் அவர் பீடி சுற்ற, மகன் பக்கத்தில் அமர்ந்து கதை படிப்பது அவ்வீட்டு வழக்கமாம். அன்றிரவு படிக்கவேண்டிய பகுதியை முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளத்தான் அவன் வகுப்பில் திறந்திருக்கிறான். தடுமாறாமல் படித்தால் அம்மாவுக்குப் பிடிக்குமாம்.

நான் மன்னிப்புக் கேட்கும் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ என்மேல் சிறிதும் வருத்தம் காட்டவில்லை. "வகுப்புலே படிச்சது தப்புதான் சார்வாள், கண்டிக்க வேண்டியதுதான்" என்றார். பிறகு சற்றே தயங்கி, "ஆனா, அந்தக் கதையிலே டாக்டரைக் கொன்னது யாரு? நீங்க படிச்சிருப்பீங்களே, சொல்லுங்க" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. குப்பை என்று சொன்ன நூலின் ஒரு பக்கத்தையும் நான் படித்ததில்லை. அதன் பெயர்கூட எனக்கு நினைவில்லை. நூலின் விலையைக் கடைக்காரரிடம் நானே கொடுத்தேன். மாணவன் பள்ளிக்குத் திரும்பினான், தேர்விலும் தேறினான். ஆனால் அதன்பின் அவன் கையில் பாடநூல் தவிர வேறு நூலை நான் கண்டதில்லை. பல ஆண்டுகள் கழித்துச் சரக்குந்து ஓட்டுநராக ஒருநாள் எதிரில் வந்து அன்போடு பேசினான். "ஏதாவது படிக்கிறாயா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்பவே விட்டுப்போச்சு, சார்" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அந்நூல் உயர்ந்த இலக்கியமா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் படிக்காத நூலைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. அவன் செய்துகொண்டிருந்த செயல் உயர்ந்தது. ஒருவன் தானே நூலைத் தேர்ந்தெடுத்தான். தன் காசில் எடுத்தான். பிழையின்றிப் படிக்கத் தன்னைப் பழக்கிக்கொண்டான். எழுத்தறியாத ஒருவரோடு அதைப் பகிர்ந்துகொண்டான். ஆசிரியப் பயிற்சி நூல்கள் எந்தப் பயனை நோக்கி எங்களை உழைக்கச் சொல்லினவோ, அப்பயன் முழுவதும் என் கண்முன் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தது. நான் அதைக் கிழித்தெறிந்தேன்.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் படிக்கலாம், உயர்வு தாழ்வு இல்லை என்று சொல்லுகிறேனா? அன்று. விருப்பம் ஒரு வாயில். வாயிலிலேயே ஒருவன் வாழ்நாள் முழுதும் நின்றுவிடக் கூடாது. ஆனால் உள்ளே செல்லவேண்டுமானால் உள்ளே அறைகள் இருக்கவேண்டும் அல்லவா? பேருந்து நிலையக் கடையில் ஒரேவகை நூல் மட்டும் தொங்கினால், வாங்குகிறவர் அவ்வகையையே விரும்புகிறார் என்று எப்படிச் சொல்லமுடியும்?

இதனை நன்கு உணர்ந்தவர் சீகாழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூல்கள் பூட்டிக் காப்பதற்கு அல்ல, பயன்படுவதற்கே என்றும், வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கு உரிய நூல் கிடைக்கவேண்டும் என்றும் 1931இல் எழுதினார். வாசகர் அடுக்குகளுக்கு நடுவே தாமே சென்று எடுத்துப் பார்க்க வழிசெய்தார். அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்கள் ஊரூராகச் சென்றன. 1948இல் சென்னை மாகாணத்துக்கு இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்துக்கும் அவர் முயற்சியே பெருங் காரணம். 1951ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே எழுத்தறிந்தவர்கள். அக்காலத்தில் இவ்வளவு எண்ணினார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பது பேர் எழுத்தறிந்தவர்கள். நாம் எவ்வளவு எண்ணவேண்டும்!

கைப்பேசியைப் பற்றி ஒரு சொல். இன்று மக்கள் படிப்பது குறைந்துவிட்டது என்று பலர் வருந்துகிறார்கள். என் மாணவர்களின் குறிப்பேடுகள் அப்படிச் சொல்லவில்லை. கண் எழுத்தின்மேல் இருக்கும் நேரம் கூடியிருக்கிறது. வேறுபாடு மற்றோரிடத்தில் உள்ளது. வாடகை நூல்நிலையத்தில் அந்த மாணவன் அடுக்கின்முன் நின்று, ஒன்றை எடுத்து, மற்றொன்றை வைத்துவிட்டு வந்தான். கைப்பேசியிலோ அடுத்ததைத் தேடவேண்டுவதில்லை. அதுவே வந்து நிற்கிறது. சென்ற வாரம் எதில் நம் விரல் நின்றதோ அதனையே மேலும் மேலும் தருகிறது. யார் எழுதியது, எங்கே வந்தது என்ற குறிப்பே இல்லாத செய்தி நம் கைக்கு வருகிறது. நாமும் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம். ஆகவே படிக்கிறோமா என்று கேட்பது போதாது. தேர்ந்தெடுத்துப் படிக்கிறோமா என்றும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு நான் மூன்று வேலைகள் தருகிறேன். முதலாவது, உங்கள் வீட்டில் ஒரு வாரம் அந்தக் குறிப்பேட்டை எழுதிப் பாருங்கள். முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள், உண்மையை எழுதுங்கள். இரண்டாவது, உங்கள் ஊர் நூலகத்துக்குச் சென்று, யாரும் சொல்லாத ஒரு நூலை நீங்களே எடுங்கள். பத்துப் பக்கத்தில் பிடிக்கவில்லையானால் திருப்பிவைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. தேர்ந்தெடுத்தல் என்பதே அதுதான். மூன்றாவது, உங்கள் வீட்டில் எழுத்தறியாதவரோ, கண் மங்கியவரோ இருந்தால், என்ன கேட்க விருப்பம் என்று அவரிடமே கேளுங்கள். அவர் கேட்பது இராசிபலனாக இருக்கலாம். துப்பறியும் கதையாகவும் இருக்கலாம். முகம் சுளிக்காமல் படித்துக் காட்டுங்கள். ஆசிரியர்கள் யாரேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: மாணவன் கையிலிருந்து ஒரு நூலைப் பிடுங்குமுன் அதில் இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள்.

நான் இன்றும் பழைய புத்தகக் கடைகளைக் கண்டால் நின்று, 1986ஆம் ஆண்டு மாத நாவல்களைப் புரட்டிப் பார்ப்பதுண்டு. டாக்டர் ஒருவர் கொலையாகும் கதைகள் எத்தனையோ கிடைத்தன. அந்தக் கதை எது என்று சொல்லக்கூடியவன் சரக்குந்து ஓட்டிக்கொண்டிருக்கிறான். கேட்டவர் இப்போது இல்லை. எனினும் அவர் கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்லக் கடமைப்பட்டவன். ஆதலின் தேடிக்கொண்டே இருக்கிறேன். தேடும்போது நானும் அவற்றைப் படிக்கிறேன். சிலவற்றை இறுதிவரை கீழே வைக்க முடிவதில்லை.